கதவுக்குள் ஒரு குளம்

ஐந்தாம் அத்தியாயம்

போன அத்தியாயத்தின் கடைசி வரியில் குற்றவாளி யார் என்று நான் சொல்லிவிட்டேன். குரலைச் சற்றுத் தாழ்த்தி, கையை நீட்டி ஆளைக் காட்டி, அழகாகத்தான் சொன்னேன். ஆள்தான் தவறு.

இந்தப் பக்கத்தில்தான் கதைக்குள் வருகிறவர்களுக்காக நடந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று, ஐப்பசி மாதம். நான் இன்பமணி. பாளையங்கோட்டை பெண்கள் பள்ளியில் தையலும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறவள். கல்யாணம் ஆகவில்லை, ஆகையால் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது என்று ஊர் முடிவு செய்திருந்தது. காணாமல் போன ஒரு வெள்ளிக் கரண்டியையும், ஒரு மொட்டைக் கடிதத்தை எழுதியவரையும் கண்டுபிடித்த பிறகு, எனக்கு மூளையும் நிறைய இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். முதல் முடிவில் எனக்கு வருத்தம் இருந்தது. இரண்டாவதில் அது ஆறிவிட்டது.

அருமைநாயகம் அண்ணாச்சிக்குத் திசையன்விளையில் கருப்பட்டி மண்டி, பாளையங்கோட்டையில் வீடு. மேலே கூரையும் பக்கத்தில் கண்ணாடிக் கதவும் வைத்த மோட்டார் ஒன்றைச் சென்னைப் பட்டறையில் செய்து வரவழைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை, கொட்டும் மழையில் அதில் திசையன்விளையிலிருந்து திரும்பினார். இறங்கும்போது உள்ளே தரைவிரிப்பு காய்ந்திருந்தது. வண்டியைக் கொட்டகையில் விட்டுப் பூட்டி, சாவியை டிரைவர் மாடக்கண்ணு வைத்துக்கொண்டான். புதன் காலையில் திறந்தால் விரிப்பு ஊறிக் கிடந்தது. மெத்தை நாறியது. சக்கரத்தின் நடுக்குடம் வரை சேறு.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் சேற்றைப் பார்த்தேன், விரிப்பைப் பார்த்தேன், மாடக்கண்ணுவின் பெண்டாட்டி வீடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக அவன் மோட்டாரைத் துறையில் இறக்கி ஆற்றைத் தாண்டி வீட்டுக்குப் போய் வந்திருக்கிறான் என்று முடித்துவிட்டேன். மொத்தம் கால் மணி நேரம். சாரம்மாள், அதாவது அண்ணாச்சியின் மனைவி, எனக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மாடக்கண்ணுவின் மனைவி சந்தனமாரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். வாழைத்தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. அழுவாள் என்று எதிர்பார்த்து நான் ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டேன்.

"வாத்தியாரம்மா, நீங்க செவ்வாக்கிழமை ஆத்தைப் பாத்தியளா?" என்றாள்.

"எதுக்கு?"

"பாத்தியளான்னுதான் கேக்குதேன்."

"பார்க்கவில்லை."

"அன்னைக்குத் தண்ணி தோப்புக்குள்ள ஏறி, எங்க வீட்டு அடுப்பு வரைக்கும் வந்துட்டு. பரிசக்காரனே துடுப்பைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். மோட்டாரு அந்தத் துறையில இறங்கியிருந்தா, மறுநா ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல போயில்லா அதை எடுத்திருக்கணும்?"

என் ஆறுதல் வார்த்தைகள் எனக்கே தேவைப்பட்டன.

"நாலு மணித் தபால்ல அண்ணாச்சி காயிதம் போடுதாவளாம்" என்றாள். "இவுகளுக்கு லைசன்சு குடுத்த ஆபீசுக்கு ஒண்ணு, மெட்ராசுக்கு வேற டிரைவர் கேட்டு ஒண்ணு. அந்தக் காயிதம் போயிட்டா இவுக இனி மோட்டாரைத் தொட முடியாது. மூணு வருசம் மெட்ராசுல பட்டறைத் தரையில படுத்துப் படிச்ச வேலை." அதற்குப் பிறகும் அவள் அழவில்லை. "நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்காவளாம்."

மணி இரண்டரை.

தெருமுனையில் காஜா முகைதீன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். மேலப்பாளையத்துக்காரர். ஜட்கா வண்டி வைத்திருக்கிறார். நான் துப்பறியப் போகிற இடத்துக்கெல்லாம் அவர் வண்டிதான். நான் யோசிக்கும்போது அவர் பேசுவார், நான் பேசும்போது அவர் யோசிப்பார். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

சந்தனமாரி சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அந்தப் பொம்பள சொல்லுதது சரிதான். செவ்வாக்கிழமை ஆத்துப் பக்கம் என் குதிரையே வரமாட்டேன்னுட்டு. அது நம்ம ரெண்டு பேரையும் விட விவரம்."

"இதை ஏன் சாயபு புதன்கிழமையே சொல்லவில்லை?"

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். நீங்க கையை இப்படி நீட்டிக்கிட்டு நின்னிய. அந்த அழகைக் கெடுக்க மனசு வரலை."

"சக்கரத்தில் இருந்த சேறு?"

"அது தேரிச் செம்மண்ணு. திசையன்விளை போயிட்டு வந்த வண்டியில வேற என்ன ஒட்டும்? தாமிரவர்ணி வண்டல் கறுப்புல்லா." கடிவாளத்தைத் தட்டினார். "எனக்கென்ன வந்துச்சு. அந்த மோட்டாரு நாறி நசிஞ்சா நம்ம குதிரைக்குத்தான் நல்லது. இருந்தாலும் ஏறுங்க. நீங்க சொன்னதைத் திருப்பி எடுக்கிறதைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

சந்தனமாரியையும் ஏறச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்காராமல் பின்படியில் உட்கார்ந்தாள். வழி நெடுக என் மனத்தில் ஒன்று உறுத்திக்கொண்டே வந்தது. புதன்கிழமை அண்ணாச்சியிடம் பேசினேன், சாரம்மாளிடம் பேசினேன், வீட்டுச் சமையல்காரியிடம்கூடப் பேசினேன். மாடக்கண்ணு பக்கத்திலேயே நின்றான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பேசினால் என் கதை கெட்டுவிடும் என்று எனக்குள் யாரோ பயந்திருக்கிறாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும். தையல் வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்டாலும் அவளுக்குப் பிடிக்காது.

அருமைநாயகம் அண்ணாச்சி கூடத்தில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உறை ஒட்டிய இரண்டு கடிதங்கள் மைக்கூட்டின் மேல் சாய்ந்திருந்தன. முற்றத்தில் மெத்தைகள் வெயிலில் கிடந்தன. கொட்டகை ஓரத்தில் மாடக்கண்ணு குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தான். காக்கிக் கோட்டைச் சதுரமாக மடித்து, அதன் மேல் தொப்பியை வைத்து, திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தான். மனைவியைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"வாங்க வாத்தியாரம்மா" என்றார் அண்ணாச்சி. "நீங்க முடிச்சுக் குடுத்தபடியே எழுதிட்டேன். வாசிச்சுக் காட்டவா? நீங்க சொன்ன வார்த்தையை அப்படியே போட்டிருக்கேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. வண்டியை இன்னொரு தரம் பார்க்கலாமா?"

"அதான் பாத்தாச்சே."

"பார்த்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க."

"ரெண்டாந்தரம் பாக்குறதுக்குத் தனிக் காப்பி கிடையாது" என்று சாரம்மாள் முற்றத்திலிருந்து சொன்னாள். அவள் மெத்தைக் கவலையில் இருந்தாள். "ரெண்டு நாளாக் காய வைக்கேன், தெருநாயெல்லாம் வந்து மோந்து பாத்துட்டுப் போகுது."

ஆறு எவ்வளவு உயரம் ஓடியது, சேறு என்ன நிறம் என்ற இரண்டையும் சொன்னேன். சொல்லும்போது குரல் தாழவில்லை, கை நீளவில்லை. அண்ணாச்சி யோசித்தார்.

"ஆறு இல்லேன்னா வேற ஓடை, வேற குளம். சாயந்தரம் காஞ்சு கிடந்தது காலையில எப்படி நனையும்? கொட்டகையில ஓடு ஒழுகலை. நான் ஏறிப் பாத்துட்டேன். வண்டி வெளிய போகாம தண்ணி உள்ள வராது."

இந்த வாதத்தில் ஓட்டை இல்லை. கொட்டகைக்குப் போனோம்.

காஜா முகைதீன் விரிப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் விரித்தார். இடது பாதி கறுத்து விறைத்திருந்தது. வலது பாதியில் புது நிறம் அப்படியே இருந்தது.

"ஏன் அண்ணாச்சி, உங்க குளம் ஒரு பக்கந்தான் ஏறுமோ? அரை டிக்கெட்டு வாங்கிட்டு வந்துச்சோ?"

நான் இடது பக்கக் கதவருகில் குனிந்தேன். குனிந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. புதன்கிழமையும் அடித்ததுதான். அன்று அதை ஆற்றுச் சேற்று வாடை என்று எழுதி வைத்துக்கொண்டேன். இன்று மூக்கை மட்டும் நம்பினேன். சேறு இப்படிப் புளிக்காது.

"பழைய கஞ்சி வாடை" என்றேன்.

"கஞ்சி ரெண்டு நா முன்ன" என்றார் காஜா. "இப்பக் கள்ளாயிட்டு. மோட்டாரு குடிச்சுட்டுக் கிடக்கு அண்ணாச்சி, டிரைவர் மேல எதுக்குப் பழி?"

சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். மரக்கதவு சாத்தினால் மரச்சத்தம் வர வேண்டும். இது சலக் என்றது. இன்னொரு முறை திறந்து சாத்தினார். சலக். இடுப்பில் வைத்த தண்ணீர்க் குடம் நடையில் போடுகிற அதே சத்தம். சந்தனமாரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். தினம் நாலு குடம் சுமக்கிறவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"கதவுக்குள்ளில்லா தண்ணி நிக்கி" என்றாள்.

அந்த மோட்டாரின் கதவு இரட்டைப் பலகை. ரயில் பெட்டியில் போலக் கண்ணாடியைத் தோல் வாரால் ஏற்றி இறக்கலாம். இறக்கினால் கண்ணாடி இரண்டு பலகைக்கும் நடுவில் போய் உட்காரும். அதற்காகக் கதவின் மேல் விளிம்பில் காடி என்று நீளமாக ஒரு பிளவு. கண்ணாடி மேலே இருக்கும்போதும் அதில் வழிகிற மழை அந்தக் காடி வழியாகத்தான் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் எங்கே போகும்? இதைப் புதன்கிழமை நான் யோசித்திருக்க வேண்டும். காப்பி சூடாக இருந்தது.

"அடியில ரெண்டு கண்ணு உண்டும்மா" என்றான் மாடக்கண்ணு. அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் நான் நினைத்ததைவிட மெல்லிசாக இருந்தது. "மதகுக் கண்ணு மாதிரி. ஒவ்வொரு கதவுக்கும் ரெண்டு. உள்ள விழுத தண்ணி அது வழியாக் கீழ சொட்டிரும். வாரத்துக்கு ஒரு தரம் ஈர்க்குச்சி விட்டுப் பாருன்னு பட்டறையில சொல்லிவிட்டாவ."

"ஆமா, வந்த அன்னைக்கே சொன்னான்" என்றார் அண்ணாச்சி. "கதவுக்குக் காது குத்தியிருக்கானா பட்டறைக்காரன்னு சிரிச்சேன். இஞ்சினும் சக்கரமும் உன் வேலை, கதவுக்கு உள்பக்கம் வீட்டாள் வேலை, அங்கன கை வைக்கப்படாதுன்னுட்டேன்."

சாரம்மாளின் புது விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவப்பட்டது. அவள் முகத்தில் ஒரு பல்லைப் பிடுங்கிய வலி தெரிந்தது. அண்ணாச்சி தலையசைத்ததும் மாடக்கண்ணு தரையில் மல்லாந்து படுத்துக் கதவின் அடியில் குச்சியை விட்டான். போகவில்லை. திருகினான். நான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

வெண்மையாக ஏதோ பிதுங்கியது. அதன் பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து என் சேலையையும் செருப்பையும் நனைத்தது. ஒரு வாளி இருக்கும். கொட்டகை முழுக்கப் புளித்த வாடை.

"வாத்தியாரம்மாவுக்கு ரெண்டாவது ஞானஸ்நானம்" என்றார் காஜா.

எனக்குக் கோபம் வரவில்லை. எல்லாம் பொருந்திவிட்டது. ஒரு வாரமாகப் பெய்த மழை கதவுக்குள் சேர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. வண்டியைக் கொட்டகையில் நிறுத்திய பிறகு, உட்பலகையின் இணைப்பு வழியாக விடிய விடியச் சொட்டி விரிப்பில் இறங்கியிருக்கிறது. வண்டி வெளியே போகவே இல்லை. போகாமலே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஏனென்றால் அது உள்ளேதான் இருந்தது.

சந்தனமாரி புருஷனைப் பார்த்தாள். மாடக்கண்ணு தரையிலிருந்து எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டான்.

"ராத்திரி எடுத்துட்டுப் போகலை. அது சரி" என்றார் அண்ணாச்சி. மேலே பேசுவதற்கு முன் மீசையை ஒருமுறை தடவினார். அது எனக்குப் பிடிக்கவில்லை. "ஆனா அடைச்சது யாரு? அடைக்கணும்னா அங்கன ஓட்டை இருக்குன்னு தெரியணும். இந்த வீட்டுல அது தெரிஞ்சவன் ஒருத்தன்தான். நான் சிரிச்சேன்லா, அந்தக் கோவத்துல அடைச்சிருக்கான். இது முதல்ல சொன்னதைவிடப் பெரிய துரோகம். காயிதத்தைத் திருத்தி எழுதுதேன்."

அவர் கூடத்தை நோக்கி நடந்தார். இப்படித்தான் ஒரு நிரபராதியை நான் அரைமணி நேரத்தில் சின்னக் குற்றத்திலிருந்து விடுவித்துப் பெரிய குற்றத்தில் மாட்டினேன். சந்தனமாரி என்னைப் பார்த்த பார்வையை எழுத என்னிடம் தமிழ் இல்லை.

"சாயபு, அந்த வெள்ளையை எடுங்கள்" என்றேன்.

காஜா முகைதீன் பிதுங்கி விழுந்ததை உள்ளங்கையில் எடுத்தார். புத்தகம் ஒட்டுகிற பசை போல இருந்தது. விரலால் பரப்பினார். பசைக்குள் பருக்கைகள்.

"அரிசில்லா!" என்றாள் சாரம்மாள். அன்று அங்கே யாராவது குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான், அதுவும் அரிசிக்காக. காஜாவின் கையை இழுத்துப் பார்த்தாள். சமையலறை விஷயத்தில் அவள் என்னைவிடப் பெரிய துப்பறிவாளி. "இது எங்க வீட்டு அரிசி இல்லை. இந்தா பாரு, இது சிவப்பு. இது வெள்ளை. இது நெட்டை, இது குட்டை. இது குறுநொய். இங்கன ரெண்டு உளுந்துகூடக் கிடக்கு. யாரு வீட்டுல இத்தனை அரிசியையும் ஒண்ணாப் போட்டுப் பொங்குதாவ?"

"என் வீட்டுல இல்லை" என்றாள் சந்தனமாரி. "எங்களுக்கு ஒரு அரிசி கிடைக்கதே பாடு."

"ஒருத்தர் வீட்டு அரிசி இல்லை இது" என்று சாரம்மாள் மெதுவாகச் சொன்னாள். "பிடியரிசியாட்டுல்லா இருக்கு."

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் அது ஒரு வழக்கம். உலையில் அரிசி போடுமுன் ஒவ்வொரு வீட்டுக்காரியும் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பாள். பெண்கள் சங்கத்தார் வீடு வீடாகப் போய் ஒரே பையில் சேர்த்து வாங்கி வருவார்கள். நாற்பது வீட்டு அரிசி ஒரே பையில் கலக்கிற இடம் அது ஒன்றுதான்.

காஜா முகைதீன் பசைக்குள்ளிருந்து வேறொன்றை இரண்டு விரலால் இழுத்தார். ஒரு விரற்கடை நீளத்தில் நீல நூல்.

அவர் நூலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேலி இல்லாமல் அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

அந்த நூலை எனக்குத் தெரியும். பெண்கள் சங்கத்துப் பிடியரிசிப் பையை என் பழைய சேலையில் நானே தைத்தேன். அடித்தையலில் அதே நீல நூலைப் போட்டு, மேலே சிலுவையும் பூக்கொடியும் பின்னி, பிள்ளைகளுக்கு மாதிரியாக வகுப்பில் ஒரு மாதம் மாட்டி வைத்திருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்பு அண்ணாச்சி தர்மமாக மோட்டாரை அனுப்ப, சுற்றுக் கிராமங்களில் பிடியரிசி வாங்கப் போனவள் நான். திரும்பும்போது பள்ளிக்கூடத் தெரு வழியாகப் போகும்படி மாடக்கண்ணுவுக்கு உத்தரவு போட்டவளும் நான். இடது பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, பூக்கொடி தெரியும்படி பையைக் கதவு விளிம்பில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனேன். வண்டி குலுங்கிய குலுக்கலில் என் மாதிரித் தையல் பிரிந்திருக்கிறது. காடி வழியாக அரிசி இறங்கியிருக்கிறது. நான் தெருவைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி கூடத்து வாசலில் திரும்பி நின்று, "பிடியரிசி இங்கன எப்படி வரும்? எலி கொண்டாந்து போட்டிருக்கும்" என்றார். "கொட்டகையில எலி வராமப் பாக்குறது யாரு வேலை? அதுவும் இவன் வேலைதான். எப்படிப் பாத்தாலும் அங்கனதான் வந்து நிக்கி."

எலி. நான் அதைக் கொஞ்ச நேரம் ஆசையோடு பார்த்தேன். பேசாத பிராணி. லைசன்சு கிடையாது. நான் ஒன்றும் பொய் சொல்ல வேண்டாம், சும்மா நின்றால் போதும். மூன்று வருஷமாக நான் சேர்த்த பெயர் அப்படியே இருக்கும். வீட்டுக்குப் போய் அந்தப் பையைப் பிரித்து வேறு நூலால் தைத்துவிடலாம் என்றுகூட என் மனம் வேலை செய்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த யோசனைதான் அன்று எனக்கு வந்த யோசனைகளில் மிக நேர்த்தியானது.

தெருவில் தபால்காரரின் சைக்கிள் மணி அடித்தது. மாடக்கண்ணு குனிந்து கோட்டையும் தொப்பியையும் எடுத்தான். அண்ணாச்சியிடம் கொடுக்க இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

"எலி இல்லை அண்ணாச்சி" என்றேன். "நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். பூக்கொடியைக்கூட விடவில்லை. சொல்லச் சொல்ல அண்ணாச்சியின் மீசை இறங்கிக்கொண்டே வந்தது.

"அப்ப அன்னைக்குக் கோயில்ல அளந்து பாத்தப்ப அரைப்படி குறைஞ்சுதே" என்றாள் சாரம்மாள். "அது?"

கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்குட்டியாரின் ஆடுதான் அதைத் தின்றது என்று இந்த நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் நான் நிரூபித்திருக்கிறேன். தாடியில் ஒட்டியிருந்த ஒரு பருக்கைதான் சாட்சி.

"அந்த ஆடு நிரபராதி" என்றேன்.

"விட்டுறச் சொல்லுங்க" என்றார் காஜா.

"முடியாது. போன வாரம் கோயில் அசனத்தில் அதை அடித்து விருந்து வைத்துவிட்டார்கள்."

"நீங்க?"

"இரண்டு துண்டு சாப்பிட்டேன்."

அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று. தபால்காரர் வாசலில் வந்து நின்று, கடிதம் உண்டா என்று கேட்டார். அண்ணாச்சி உள்ளே போய் இரண்டு உறைகளையும் எடுத்து வந்தார். தபால்காரரை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு, உறைகளை நான்காகக் கிழித்துச் சாரம்மாளிடம் அடுப்புக்குக் கொடுத்தார்.

"லே மாடக்கண்ணு, கோட்டைப் போடு" என்றார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "இனி உள்பக்கமும் நீயே பாத்துக்கோ. கதவு, காது எல்லாம்" என்றார். அது அவரால் முடிந்தது.

மாடக்கண்ணு கோட்டைப் போட்டுக்கொண்டான். ஒரு பித்தானைத் தப்பான துளையில் போட்டதை எல்லாரும் பார்க்காதது போல இருந்தோம். சந்தனமாரி மட்டும் பக்கத்தில் போய்க் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

"அன்னைக்கு மோட்டார்ப் படியில அரிசி கிடந்துச்சு" என்று அவன் காஜாவிடம் சொன்னான். "வாத்தியாரம்மா இறங்கின பெறவு. தூத்து அள்ளிக் கோழிக்குப் போட்டேன்."

"ஏம்லே, இதைப் புதன்கிழமையே சொல்லிருந்தா?"

"யாரு கேட்டா?"

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான். குரலைத் தாழ்த்திப் பேசுகிற அந்தத் துப்பறிவாளி எங்கே போனாள் என்று தேடினேன். கொட்டகைத் தரையில், கஞ்சித் தண்ணீருக்குள் நனைந்த செருப்போடு நிற்கிறவள்தான் அவள்.

சாரம்மாளிடம் ஒரு செம்பு வாங்கி, தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டு வந்தேன். மாடக்கண்ணு நான்கு கண்களிலும் ஈர்க்குச்சி விட்டுச் சுத்தம் செய்து முடித்திருந்தான். நான் கதவின் மேல் விளிம்பில், காடிக்குள் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். அவன் தரையில் படுத்துக் கதவின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாடக்கண்ணு, சரியாக வருகிறதா?"

இந்த ஐந்து அத்தியாயத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"முன்கண்ணுல வருது" என்றான் அவன். "பின்கண்ணுல இன்னும் ஒரு பருக்கை நிக்கி. பைய ஊத்துங்கம்மா, சொல்லுதேன்."

நான் பைய ஊற்றினேன்.